அறியாத கை

மழையை நம்பி விதைக்கிற ஊர்களில், இனி நடக்கப்போவதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சில வழக்கங்கள் உண்டு. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் அப்படிப்பட்ட மானாவாரிப் பூமி. ஊடே ஓடும் குண்டாறு வருஷத்தில் பெரும்பாலான நாள் மணலாகத்தான் கிடக்கும். கம்பு, சோளம், குதிரைவாலி, பருத்தி, மிளகாய், மல்லி எல்லாமே ஐப்பசி கார்த்திகையை நம்பியவை. சித்திரை முதல் நாள் பஞ்சாங்கம் வாசித்து இந்த வருஷம் எத்தனை மரக்கால் மழை என்று கேட்பது ஒரு வழக்கம். அதைவிடப் பழையதாகத் தோன்றும் இன்னொன்று, தென்மாவட்டங்களில் இன்றும் உயிரோடு இருக்கும் பூக்கட்டிப் பார்த்தல். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துச் சாமி முன்னால் போட்டு, விவரம் தெரியாத ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். இந்தச் சம்பந்தம் முடிக்கலாமா, இந்த இடத்தில் கிணறு வெட்டலாமா என்பதற்குப் பிள்ளையின் கையில் வந்த பூவே பதில். பூசாரியோ ஊர்ப் பெரியவரோ எடுத்தால் ஒருவரும் ஒப்ப மாட்டார்கள். பிள்ளைக்கு எந்தப் பொட்டலத்தில் எந்தப் பூ என்று தெரியாது. எந்தப் பூ வந்தால் யாருக்கு ஆதாயம் என்பதும் தெரியாது. இந்த இரட்டை அறியாமைதான் முடிவுக்கு மரியாதை வாங்கித் தருகிறது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகள் சொல்லும் குடவோலை முறையிலும் இதே கைதான் வருகிறது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள்.

2001 மே மாதம், தமிழகச் சட்டமன்றத் தேர்தலில் எல்லாத் தொகுதிகளிலும் காகித ஓட்டுச்சீட்டுக்குப் பதிலாக மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் வந்தது. அருப்புக்கோட்டை வாக்குச்சாவடிகளுக்கும் வந்தது. அந்த இயந்திரத்தை உருவாக்கிய நிறுவனங்களில் ஒன்று பெங்களூருவின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ். அங்கே அந்தப் பணியை வழிநடத்தியவர்களில் முக்கியமானவர் எஸ். ரங்கராஜன் என்ற பொறியாளர். தமிழ் வாசகர்களுக்கு அவர் சுஜாதா. தமிழில் அறிவியல் புனைகதையைப் பெருவாரியான வாசகரிடம் கொண்டுபோனவர் அவரே என்பதில் பெரிய தகராறு இல்லை. ஆனால் அவருடைய எழுத்தையும் இயந்திரத்தையும் இரண்டு தனி வாழ்க்கைகளாகவே எல்லோரும் எழுதுகிறார்கள்: பகலில் பொறியாளர், இரவில் எழுத்தாளர். இந்தப் பிரிவினை தவறு என்பது என் வாதம். இயந்திரம் எவ்வளவு அறிந்திருக்கலாம் என்ற ஒரே கேள்விதான் அவருடைய முக்கியமான அறிவியல் நாவல்களிலும் அந்த ஓட்டுப் பெட்டியிலும் இருக்கிறது. அதற்கு அந்தப் பெட்டி சொன்ன பதில், பூக்கட்டிப் பார்க்கிற ஊர்களுக்குப் புதியதும் இல்லை.

சுஜாதா 1935 மே 3ல் சென்னை திருவல்லிக்கேணியில் பிறந்து, ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தவர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியலும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியலும் படித்தார். இரண்டு இடங்களிலும் படித்த இன்னொருவர் ராமேஸ்வரத்து அப்துல் கலாம். அன்றைக்கு ராமேஸ்வரமும் அருப்புக்கோட்டையும் ஒரே ராமநாதபுரம் மாவட்டம். இன்றைய விருதுநகர் மாவட்டம் பிரிந்தது 1985ல்தான். ரங்கராஜன் மத்திய அரசின் விமானப் போக்குவரத்துத் துறையில் வேலை பார்த்துவிட்டு பாரத் எலெக்ட்ரானிக்ஸுக்குப் போனார். 1962ல் குமுதத்தில் வெளியான சிறுகதைக்குப் பிறகு, அங்கே ஏற்கெனவே ரா.கி. ரங்கராஜன் இருந்ததால் குழப்பம் வேண்டாம் என்று மனைவியின் பெயரை வைத்துக்கொண்டார். 1968ல் வந்த 'நைலான் கயிறு' அவரைத் தொடர்கதைக்காரராக நிலைநிறுத்தியது. அதன்பின் துப்பறியும் கதை, நாடகம், கணையாழியின் கடைசிப் பக்கம், ஜூனியர் விகடனில் 'ஏன், எதற்கு, எப்படி' கேள்வி பதில், திரைப்பட வசனம் என்று அவர் எழுதாத இடம் இல்லை. வாரப் பத்திரிகை பஸ்ஸில் போய்ச் சேர்ந்த ஊருக்கெல்லாம் அவரும் போய்ச் சேர்ந்தார். அறிவியலை மக்களிடம் கொண்டுசென்றதற்கு மத்திய அரசின் விருது 1993ல் கிடைத்தது. வாக்குப்பதிவு இயந்திரப் பணிக்கு வாஸ்விக் விருது கிடைத்தது. ஒரே ஆளுக்கு இந்த இரண்டும் கிடைத்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

நாவல்களைப் பார்ப்போம். 1970களில் வந்த 'சொர்க்கத் தீவு' கணிப்பொறியின் ஆளுகையில் இருக்கும் ஒரு தீவைப் பற்றியது. அங்கே ஒரு பொறியாளர் கொண்டுபோகப்படுகிறார். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்து, பிறகு தூர்தர்ஷனிலும் தொடராக ஓடிய 'என் இனிய இயந்திரா'வில் நடப்பது 2020களின் இந்தியா. எழுதியபோது அது எட்டாத எதிர்காலம். இப்போது அந்த வருஷங்களும் வந்துவிட்டன. ஜீவா என்ற தலைவரின் ஆட்சி. மக்களுக்கு இரண்டெழுத்துப் பெயர்தான் அனுமதி: நிலா, சிபி, ரவி, மனோ. ஆளுக்கொரு எண். பிள்ளை பெறவும் அரசாங்கம் அனுமதிக்க வேண்டும். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. காணாமல் போகிறவர்கள் மட்டும் காணாமல் போகிறார்கள். கதை போகப் போகத் தெரிவது, ஜீவா என்று ஒரு மனிதரே இல்லை, அது இயந்திரம் காட்டும் முப்பரிமாண பிம்பம் என்பது. குடிமக்களைப் பற்றி அரசின் இயந்திரத்துக்கு எல்லாம் தெரியும். அரசைப் பற்றிக் குடிமக்களுக்கு ஒன்றும் தெரியாது. இந்தத் தலைகீழ் உறவுதான் நாவலின் பயம். அதற்கு எதிராக நிற்பதும் ஓர் இயந்திரமே, ஜீனோ என்ற ரோபாட் நாய். 'மீண்டும் ஜீனோ'வில் அது இன்னும் வளர்கிறது. இயந்திரத்தைக் கண்டு மிரண்டவர் இப்படி எழுத மாட்டார். ஓர் இயந்திரத்தை நேசிக்க முடிகிறது, இன்னொன்றுக்குக் கீழே வாழ முடியவில்லை. இரண்டுக்கும் நடுவே கோட்டை எங்கே போடுவது என்பதே அவர் கவலை.

இதே கவலையில் அமெரிக்காவின் ஐசக் அசிமோவும் 1955ல் ஒரு சிறுகதை எழுதினார். அதில் மல்டிவாக் என்ற ராட்சதக் கணிப்பொறி நாடு முழுவதற்கும் ஒரே ஒரு வாக்காளரைத் தேர்ந்தெடுத்து, அவரிடம் சில கேள்விகள் கேட்டு, தேர்தல் முடிவைத் தானே கணக்கிட்டு அறிவித்துவிடும். எல்லாம் அறிந்த இயந்திரத்துக்கு ஓட்டு எதற்கு? கதை நடப்பதாகச் சொல்லப்படும் வருஷம் 2008. அந்த வருஷம் பிப்ரவரி 27ல் சுஜாதா காலமானார். மூன்று வாரம் கழித்து, 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க் கொழும்பில் காலமானார். தகவல் தொடர்புச் செயற்கைக்கோள்களைப் பற்றி 1945லேயே எழுதிய கிளார்க்கை, எதிர்காலத்தை முன்கூட்டிச் சொன்னவர் என்று உலகம் கொண்டாடியது. சுஜாதா அப்படி எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அவர் எழுதிய 2020கள் வரவில்லை, அல்லது அவர் எழுதிய வடிவில் வரவில்லை. அவர் செய்தது வேறு காரியம்: கதையில் எழுதிய ஆபத்துக்கு எதிர்ப்பதமான ஒரு பொருள் பட்டறையில் உருவானபோது அதற்குத் துணை நின்றார்.

அந்தப் பொருளின் உள்ளே பார்த்தால் இது விளங்கும். அலுவலர் முன்னால் கட்டுப்பாட்டுப் பெட்டி, மறைப்புக்குப் பின்னால் பட்டன் பெட்டி, இரண்டையும் இணைக்க ஐந்து மீட்டர் கேபிள். மின்சாரம் வேண்டாம், பேட்டரி போதும். மின்கம்பி போகாத பள்ளிக்கூடத்திலும் வேலை செய்யும். வேறு எந்தக் கணிப்பொறியோடும் தொடர்பு கிடையாது. அலுவலர் ஒரு பட்டனை அழுத்தினால்தான் அடுத்த ஓட்டு திறக்கும். நிமிடத்துக்கு நாலைந்து ஓட்டுக்கு மேல் விழாது என்பதால் சாவடியைக் கைப்பற்றுகிறவர்களும் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். ஓட்டுப் போட வந்தவர் யார் என்று இயந்திரத்துக்குத் தெரியாது. பெயரும் கையெழுத்தும் மேசை மேல் இருக்கும் காகிதப் பதிவேட்டில்தான். எந்தப் பட்டன் எந்தக் கட்சி என்பதும் தெரியாது, ஏனென்றால் வேட்பாளர் வரிசை ஒவ்வொரு தேர்தலிலும் அகர வரிசையில் மாறும். பெயரும் சின்னமும் மேலே ஒட்டுகிற காகிதத்தில் மட்டுமே. மூன்றாம் எண்ணுக்கு ஒன்று கூட்டு என்பதைத் தவிர அந்தச் சில்லுக்கு உலகத்தில் வேறு சமாச்சாரமே இல்லை. பூப் பொட்டலம் எடுக்கும் பிள்ளையின் இரட்டை அறியாமை இங்கே அப்படியே இருக்கிறது. ஜீவாவின் அரசு ஒவ்வொருவருக்கும் எண் கொடுத்து எல்லாவற்றையும் அறிந்துகொண்டது. இந்தப் பெட்டி எண்ணைத் தவிர வேறெதையும் அறியாமல் இருப்பதற்காகவே செய்யப்பட்டது.

அருப்புக்கோட்டையின் தேர்தல் சரித்திரம் இந்தப் பெட்டிக்கு முன்னாலேயே கனமானது. 1952 பொதுத் தேர்தலில் அருப்புக்கோட்டை என்ற பெயரில் மக்களவைத் தொகுதியே இருந்தது. பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் அதிலும் முதுகுளத்தூர் சட்டமன்றத் தொகுதியிலும் சேர்ந்து வென்று, சட்டமன்றத்தை வைத்துக்கொண்டார். அந்தத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி; பிடித்த பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். 1962 பொதுத் தேர்தலில்தான் ஒரே சீட்டில் எல்லாச் சின்னங்களையும் அச்சடித்து முத்திரை குத்தும் முறை பரவலானது. 1977ல் எம்.ஜி.ஆர். அருப்புக்கோட்டையில் நின்று வென்று முதலமைச்சரானபோது, தறிக்காரர்களும் சம்சாரிகளும் இரட்டை இலை மேல் குத்தியது அந்த முத்திரையைத்தான். முத்திரை இரண்டு சின்னத்துக்கு நடுவே கோட்டில் விழுந்தால் செல்லாத ஓட்டு. மை ஈரமாக இருந்து மடித்த பக்கத்தில் ஒற்றிக்கொண்டால் எண்ணுகிற மேசையில் வாக்குவாதம். எழுதப் படிக்கத் தெரியாதவர் கையில் கொடுத்த கருவி, அவர் செய்த சின்னப் பிழைக்கே அவரைத் தண்டித்தது. இயந்திரம் வந்ததும் இந்தச் செல்லாத ஓட்டு மறைந்தது. அதன் பெரிய ஜனநாயக லாபம் இதுதான் என்பேன். சீக்கிரம் எண்ணி முடிக்கலாம் என்பதெல்லாம் இதற்குப் பின்னால்தான் வரும். தமிழ்நாட்டில் காகிதம் எந்த எல்லைக்குப் போனது என்பதற்கு 1996 மொடக்குறிச்சி சாட்சி: ஒரே தொகுதியில் 1,033 வேட்பாளர்கள், ஓட்டுச்சீட்டே புத்தகம் போல. பட்டன் பெட்டி ஒன்றில் 16 பெயர், நான்கு பெட்டியைக் கோத்தால் 64 என்ற 2001 இயந்திரத்தின் அளவு அங்கே போதவே போதாது.

முதல் மறுப்பு நியாயமானது. இயந்திரத்தைச் சுஜாதா கண்டுபிடித்தார் என்று சொல்வது மிகை. ஹைதராபாத்தின் எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் 1979ல் மாதிரியைச் செய்து, அடுத்த வருஷம் ஆகஸ்டில் கட்சிகளுக்குக் காட்டியது. மும்பை ஐ.ஐ.டி.யின் வடிவமைப்பு மையத்தாருக்கும் அதன் உருவத்தில் பங்குண்டு. 1982 மே மாதம் கேரளத்தின் பரவூரில் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முதலாகப் பயன்படுத்தியபோது சிவன் பிள்ளை 123 ஓட்டில் வென்றார். சட்டத்தில் இயந்திரத்துக்கு இடமில்லை என்று 1984ல் உச்ச நீதிமன்றம் சொல்லி, மறுவாக்குப்பதிவு நடந்தபோது ஏ.சி. ஜோஸ் வென்றார். பிறகு சட்டம் திருத்தி, 1998ல் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், டெல்லியில் 16 தொகுதிகளில் சோதித்து, அப்புறம்தான் 2001. இத்தனை பேர், இத்தனை வருஷம். ஒரு எழுத்தாளரின் தனி மூளையிலிருந்து குதித்த அற்புதம் இது என்று சொன்னால் மற்றவர்களுக்கு அநியாயம். ஆனால் என் வாதத்துக்கு அவர் தனியாகச் செய்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. அந்தக் குழுவில் அவர் பொறுப்பான இடத்தில் இருந்த அதே காலத்தில்தான் ஜீவாவின் அரசையும் எழுதினார். ஒரே மேசையிலிருந்து எழுந்த கேள்விகள் இரண்டு பக்கமும் போயிருக்கின்றன என்பது போதும்.

இரண்டாவது மறுப்பு இந்த மண்ணிலிருந்து வரும். வானம் பார்த்த பூமிக்குச் சொந்தமாக எழுத்தாளர்கள் இருக்கும்போது ஸ்ரீரங்கத்து அய்யங்கார் ஒருவரை இங்கே கொண்டுவந்து உட்கார வைப்பானேன்? பக்கத்து மல்லாங்கிணற்றில் பிறந்த எஸ். ராமகிருஷ்ணன் 'நெடுங்குருதி'யிலும், 2018ல் சாகித்ய அகாதமி விருது பெற்ற 'சஞ்சாரம்' நாவலிலும் இந்த வெயிலையும் கரிசலையும் எழுதியிருக்கிறார். அதற்கும் முன்னால் இடைசெவல் கி. ராஜநாராயணன் இருக்கிறார். உண்மை. இந்த எழுத்துகள் போனதையும் இழந்ததையும் நினைவில் வைத்துக் காப்பவை. அதில் அவற்றுக்கு ஈடில்லை. ஆனால் கரிசல் எழுத்து எதிர்காலத்தை அநேகமாகத் தொடவில்லை. ஒவ்வொரு ஆவணியிலும் விதையைக் கையில் வைத்துக்கொண்டு எதிர்காலத்தை எதிர்கொள்கிற ஒரு ஜனத்துக்கு அது பற்றிய கதை குறைவாக இருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம். அந்த இடத்தை வெளியூர்க்காரர் நிரப்பினார், வாரப் பத்திரிகையில் கொஞ்சம், வாக்குச்சாவடியில் கொஞ்சம். ஓட்டு என்பது எதிர்காலத்தின் மேல் வைக்கிற கை. அதைத் தாங்குகிற கருவியைப் பற்றி எழுதாமல் இந்த ஊர்களின் சரித்திரத்தை முழுசாக எழுத முடியாது.

மூன்றாவது மறுப்பே கடினமானது. அறியாத கையென்று சொல்கிறாய், பிள்ளைக்குள்ளே யாராவது கையை வைத்தால்? இந்தக் கேள்வி 2001லேயே சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. 2010ல் ஹரி பிரசாத், அலெக்ஸ் ஹால்டர்மன், ரோப் கோங்ரைப் ஆகியோர் உண்மையான இந்திய இயந்திரம் ஒன்றைப் பிரித்து, எண்களைக் காட்டும் பலகையை மாற்றிவைத்தாலே முடிவைப் பொய்யாகக் காட்ட முடியும் என்று செய்து காட்டினார்கள். அதற்கு முந்தைய வருஷம் ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம், தனி நிபுணத்துவம் இல்லாத சாதாரணக் குடிமகனும் தேர்தலின் முக்கியப் படிகளைச் சரிபார்க்க முடிய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்பு என் வாதத்தின் வேரையே தொடுகிறது. பூப் பொட்டலத்தை எடுக்கிற பிள்ளையை ஊரே சுற்றி நின்று பார்க்கிறது. சில்லுக்குள் நடப்பதை யார் பார்க்கிறார்கள்? இயந்திரம் அறியாமல் இருப்பது பாதி வேலைதான். அது அறியவில்லை என்று எல்லோரும் கண்ணால் கண்டால்தான் மீதி. இந்த மீதியைச் சுஜாதாவின் தலைமுறைப் பொறியாளர்கள் குறைத்து எடைபோட்டார்கள் என்றே கருதுகிறேன். தாங்கள் செய்த பெட்டி எளிமையானது என்று அவர்களுக்குத் தெரியும்; தங்களுக்குத் தெரிந்தது ஊருக்கும் தெரிந்த மாதிரி எண்ணிவிட்டார்கள். 'என் இனிய இயந்திரா'வை எழுதியவருக்கே இது தெரிந்திருக்க வேண்டும். ஜீவாவை ஜனங்கள் நம்பியதும் கண்ணால் கண்டதாக நினைத்துத்தானே.

பிறகு நடந்த திருத்தம் வினோதமானது. 2013 முதல், ஓட்டுப் போட்டதும் சின்னம் அச்சடித்த சீட்டை ஏழு வினாடி கண்ணாடி வழியே காட்டி, உள்ளே விழவைக்கும் வி.வி.பேட் கருவி வந்தது. காகிதம் திரும்பி வந்தது நல்லது. ஆனால் சின்னத்தை அச்சடிக்க வேண்டுமானால் எந்த எண் எந்தக் கட்சி என்று அந்தக் கருவிக்குச் சொல்லிக் கொடுத்தாக வேண்டும். அதற்கென்றே சின்னம் ஏற்றும் கருவி ஒன்று தனியாக உண்டு. அதாவது நம்பிக்கையை மீட்க வந்த திருத்தம், இதுவரை அறியாமல் இருந்த இரண்டில் ஒன்றை அறிய வைத்துவிட்டது. இதை விமர்சகர்கள் சுட்டிக்காட்டியதில் நியாயம் இருக்கிறது. 2024 ஏப்ரலில், காகித ஓட்டுக்கே திரும்ப வேண்டும் என்ற கோரிக்கையை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் சின்னம் ஏற்றும் கருவிகளை முத்திரையிட்டு, முடிவு வந்த பின் 45 நாள் வைத்திருக்கச் சொன்னது. எவ்வளவு அறியலாம் என்ற சுஜாதாவின் கேள்வி அவர் போய்ப் பதினாறு வருஷம் கழித்தும் நீதிமன்றத்தில் நின்றுகொண்டிருந்தது.

எல்லா வி.வி.பேட் சீட்டுகளையும் எண்ணுவதில்லை. 2019ல் வந்த உச்ச நீதிமன்ற ஆணைப்படி ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிக்கும் ஐந்து வாக்குச்சாவடிகளின் சீட்டுகளை மட்டும் கையால் எண்ணி, இயந்திரத்தின் கணக்கோடு ஒப்பிடுகிறார்கள். அந்த ஐந்தைத் தேர்ந்தெடுக்கக் கணிப்பொறியைப் பயன்படுத்துவதில்லை. வாக்குச்சாவடி எண்களைத் தபால் கார்டு அளவுக் காகிதங்களில் எழுதி, எண் தெரியாதபடி நாலாக மடித்து, ஒரு பாத்திரத்தில் போட்டுக் குலுக்குகிறார்கள். ஏஜெண்டுகள் சுற்றி நின்று பார்க்க, ஒரு கை உள்ளே போய் எடுக்கிறது. அருப்புக்கோட்டைக்கு ஐந்து காகிதம், திருச்சுழிக்கு ஐந்து காகிதம்.